பேசக் கூடாத இடம்

பைனாகுலர்களின் கண்ணாடியைத் துடைத்து பங்களா வராந்தாவின் நீள மேசையில் வைக்கும்போது, இன்றைக்கு மட்டும் ஒரு பறவையும் வரக் கூடாது என்று கற்பகம் வேண்டிக்கொண்டாள். இந்த மேசைக்கு முன்னால் நின்று இதுவரை அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் நேர் எதிரானது. மழை பிடிக்காமல் இருக்கட்டும், ஏரி மேலிருக்கும் பனி சீக்கிரம் விலகட்டும், தூரத்திலிருந்து வந்தவர்கள் ஒரு மீன்கொத்தியையாவது பார்த்துவிட்டுப் போகட்டும். பழக்கம் விடாமல் அந்த வேண்டுதல்தான் முதலில் வாயில் வந்தது. பாதியில் நிறுத்தி மாற்றிக்கொண்டாள்.

பங்களா, வெள்ளைக்காரத் துரை ஒருவர் குளிருக்குப் பயந்து அறைக்கு அறை கணப்பு வைத்துக் கட்டியது. கூடத்துச் சுவரில் தொங்கும் மங்கிய போட்டோக்களில் அவர் நாய்களோடு நின்றுகொண்டிருப்பார். ஃபாக்டரிக்கும் பங்களாவுக்கும் தண்ணீர் வேண்டுமென்று மலையோடையை மறித்து இந்த ஏரியை உண்டாக்கியதும் அவர்தான். இப்போது பங்களாவைக் கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து ஷபீர் நடத்துகிறான். பாலக்காட்டில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். துணி அளந்து கொடுக்கப் பிடிக்காமல் மலையேறி வந்தவன் என்று தன்னைப் பற்றி அவனே சொல்லிச் சிரிப்பான். காந்தலூர் போகிற வழியில் ஓரிரவு தங்க வருகிற விருந்தாளிகளுக்குக் காலைக் காப்பிக்குப் பிறகு ஒரு நடை. ஏற்றம் கிடையாது, வழுக்கல் கிடையாது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் தண்ணீர், நடுவில் மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு ஒரு மண்பாதை. மூட்டுவலிக்காரர்கள்கூட வந்துவிடலாம்.

கற்பகத்துக்கும் மூட்டுவலிதான். கொழுந்து பறிக்கச் சரிவில் ஏற முடியாமல் முழங்கால் பிடித்துக்கொண்ட சமயத்தில்தான், விருந்தாளிகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு பெண் வேண்டுமென்று ஷபீர் கேட்டான். பறவைகளின் பெயர்களை அவள் வராந்தாவில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தும், வருகிறவர்கள் சொல்லக் கேட்டும்தான் தெரிந்துகொண்டாள். அதில் அவளுக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பழுப்பு நிறச் சின்னக் குருவிகளை இன்றும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லிவிடுவாள். அந்த வேலைக்கு அவள் ஓடிப்போய் நின்றதற்குக் காரணம் பறவைகள் இல்லை.

பாதை ஏரியின் கைமடிப்பு போன்ற ஒரு வளைவில் திரும்பும் இடத்தில், நாணலுக்குப் பின்னால், ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. பாறைக்குப் பக்கத்தில் பந்து பந்தாக நீலப் பூ பூக்கும் ஒரு செடி. பங்களா வேலியோரம் முழுக்க அந்தச் செடிதான். துரையின் மனைவி சீமையிலிருந்து கொண்டுவந்து வைத்தது என்பார்கள். லயத்தில் அதற்குப் பந்துப்பூ என்று பெயர். ஆனால் பங்களாவை விட்டு இவ்வளவு தள்ளி, நாணலுக்கும் காட்டுக் கொய்யாவுக்கும் நடுவில், அது ஒன்றுதான் நிற்கிறது. அந்தக் குச்சியை வேலியிலிருந்து ஒடித்து வந்து அங்கே ஊன்றியவன் அவள் கணவன் செல்லத்துரை. அந்த வருடம் மழை வெளுத்து வாங்கியது. தொழிலாளிகளைப் புதைக்கும் மேட்டுக்குப் போகிற வழி மண் சரிந்து அடைந்துபோயிருந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கற்பகம் காய்ச்சலில் கிடந்தாள். பிறந்து சில நாள்களிலேயே இறந்துபோன பெண் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, செல்லத்துரையும் அவன் அண்ணனும் மழையோடு ஏரிக்கரைக்குப் போனார்கள்.

கற்பகம் எழுந்து நடமாடத் தொடங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண்கள் புதைக்கிற இடத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. பார்க்க வேண்டும் என்று கேட்கிற வழக்கமும் இல்லை. ஒருநாள் மேல்காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது செல்லத்துரை மருந்தடிக்கிற ஆள்களோடு வந்தான். கையைக்கூட நீட்டாமல் தாடையால் ஏரிப்பக்கம் காட்டினான். "அந்தா, அந்தப் பாறைக்கு இந்தாண்ட. பந்துப்பூக் குச்சி ஒண்ணு வச்சிருக்கேன்" என்றான். அவ்வளவுதான். பிறகு மகன் பிறந்தான், வளர்ந்தான், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனான். அந்தக் குச்சி தழைத்துப் புதராகிவிட்டதைக் கற்பகம் சரிவுகளின் மேலிருந்துதான் பார்த்தாள். ஏரிக்கரையில் வேலையில்லாமல் நிற்கிறவர்களை வாட்ச்சர் விரட்டுவான்.

அதனால்தான், முதல்முறை பாதையைக் காட்டிவிட்டு, "அக்கா, கெஸ்ட்ட எங்க நிறுத்தினா நல்லா இருக்கும்?" என்று ஷபீர் கேட்டபோது, அவள் யோசிக்காமல் அந்த வளைவைக் காட்டினாள். "இங்க நிறுத்தலாம் தம்பி. ஆனா ஒருத்தரும் பேசக் கூடாது. பேசுனா வராது" என்றாள். அன்றைக்கு அங்கே இரண்டு நீர்க்காகங்களைத் தவிர ஒன்றும் இல்லை. மற்ற இடங்களைவிட அங்கே பறவைகள் அதிகம் என்று சொல்ல அவளிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் தினமும் காலையில் சிலர் வந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டுப் போனதில் அந்த இடம் மெல்ல மாறியது. முக்குளிப்பான் குஞ்சுகளோடு வந்தது. பாறையிடுக்கில் மனிதன் சீட்டியடிப்பது போலப் பாடும் கருநீலக் குருவி வந்தது. இந்த மனிதர்களால் கெடுதல் இல்லை என்று அவை தெரிந்துகொண்டன போலும். விருந்தாளிகள் போனில் அந்த இடத்தைப் புகழ்ந்து எழுதினார்கள். ஷபீர் அதற்கு 'சைலன்ட் பாயின்ட்' என்று பெயர் வைத்தான். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, கற்பகம் அவர்களுக்குப் பின்னால், செடிக்குப் பக்கத்தில் நிற்பாள். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் தினமும் வந்து தன் மகளுக்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுப் போவதாக அவளுக்கு ஓர் எண்ணம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று சாயங்காலம் ஷபீர் தன் நண்பன் அஜயோடு ஏரிக்கரைக்குப் போய்வந்தான். அஜய் கட்டட வரைபடம் போடுகிறவன். விருந்தாளிகள் உட்கார்ந்து பறவை பார்க்க அங்கே தண்ணீரை எட்டி நிற்கும்படி ஒரு மரமேடை கட்டத் திட்டம். அடியில் கான்கிரீட் தூண்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகளை அடித்துவிட்டு வந்திருந்தார்கள். "நீங்க காட்டின இடமாக்கும் அக்கா. மேடைக்கு உங்க பேரையே வெச்சிரலாம்" என்றான் ஷபீர். அவள் சிரித்தாள். அப்புறம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய வராந்தாவை மறுபடியும் பெருக்கினாள். இருட்டுவதற்குள் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தாள். முளைகளில் ஒன்று பந்துப்பூச் செடியின் தூரிலேயே இறங்கியிருந்தது.

லயத்தில் செல்லத்துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

"எம்புட்டு ஆழம் தோண்டுவாகளாம்?"

"தூணு நடுறதுக்குத் தோண்டுவாகள்ல. ஆள் எறங்குற ஆழம் இருக்கும்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "பேசாம இரு கற்பகம். அந்தத் தண்ணிதான் பங்களாவுக்குப் போகுது. கரையில பொதச்சேன்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? இந்த வருசம் ரிட்டையர்டு ஆகப் போறேன். லயத்த விட்டு எறங்குன்னு நாளைக்கே சொல்லிட்டா எங்கிட்டுப் போறது?"

"பிள்ளையப் பொதச்சது களவா?"

"களவு இல்ல. கேக்காம செஞ்சது. கம்பெனியில ரெண்டும் ஒண்ணுதான்."

கை கழுவப் போனவன் குழாயடியிலேயே நின்றான். தண்ணீர் அவன் கையில் படாமல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

அவன் பயம் அவளுக்குப் புரியாமல் இல்லை. அதோடு அவளுக்குச் சொந்தமாக இன்னொரு பயமும் இருந்தது. உண்மையைச் சொல்லி ஷபீர் மேடையைக் கைவிட்டாலும், புதைத்த இடத்தைச் சுற்றிக் காட்ட அதற்கப்புறம் அவன் விருந்தாளிகளை அனுப்புவானா? பாதையை வேறு பக்கம் திருப்பிவிடுவான். அவள் மறுபடி சரிவின் மேலிருந்து பார்க்கிறவளாகிவிடுவாள். சொல்லாவிட்டால் கடப்பாரை இறங்கும். இரண்டுக்கும் நடுவில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வழி. இங்கே பறவை ஒன்றும் வரவில்லையே, இடம் சரியில்லை என்று அஜயே சொல்லிவிட வேண்டும்.

அதற்கு ஏற்றாற்போல் இன்று காலை நடைக்கு வந்து சேர்ந்தாள் அஜயின் அம்மா பழனாத்தாள். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் நெல் வயலும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் குடும்பம். மலையைப் பார்க்கட்டும் என்று மகன் கூட்டிவந்திருந்தான். புடவைக்கு மேல் மகனின் ஸ்வெட்டர், காலில் மருமகளின் ஷூ, காதை மூடிக் கட்டிய துண்டு. வராந்தாவை விட்டு இறங்கும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"ஏனுங்க, குருவி பாக்கறதுக்கா இத்தன தூரம் கூட்டியாந்தான் இவன்? எங்கூட்டு வயல்ல டிராக்டர் எறங்குனா பின்னாலயே கொக்கு வருசகட்டி வருமுங்க. கண்ணாடியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வரப்புல குக்கிட்டுப் பாத்துக்கலாம்."

"அம்மா, மெதுவாப் பேசும்மா. பறந்துரும்" என்றான் அஜய்.

"பறக்கறதுக்குத்தான்டா அதுக்கு றெக்க. நான் பேசலீன்னா நடந்தா போகும்?"

கற்பகம் வாய்விட்டுச் சிரித்தாள். முன்னால் நடந்த ஷபீர் திரும்பிப் பார்த்தான். "என்னக்கா, இன்னிக்கு நீங்களே இப்பிடிச் சிரிக்கறீங்க? வழக்கமா என்னையே வாயப் பொத்தச் சொல்லுவீங்க."

"அம்மா நல்லா பேசுறாக தம்பி. கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

உண்மையாகவே பழனாத்தாளை அவளுக்குப் பிடித்திருந்தது. தேயிலைச் செடியைக் கிள்ளி முகர்ந்து, இதற்கு வாசமே இல்லையே என்றாள் பழனாத்தாள். அட்டை கடிக்குமா, யானை வருமா, அந்தத் துரைக்கு எத்தனை பெண்டாட்டி என்றெல்லாம் கேட்டாள். கற்பகம் எல்லாவற்றுக்கும் குரலை உயர்த்தியே பதில் சொன்னாள். முதல் திருப்பத்திலேயே நீர்க்காகங்கள் இறக்கையை உதறிக்கொண்டு கிளம்பின. மடையான் கொக்கு ஒன்று ஏரி நடுவில் நின்ற பட்டமரத்தை விட்டு எதிர்க்கரைக்குப் போனது. தூரத்தில் தெரிந்த முக்குளிப்பான் சட்டென்று நீருக்குள் மறைந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் யாரையும் இப்படிப் பறவையை விரட்ட விட்டதில்லை. ஆனால் வளைவு நெருங்க நெருங்க, இது நடந்துவிடும், இந்த அம்மா போதும் என்று தோன்றியது.

வளைவில் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. நாணலுக்கு மேல் சிவப்பு ரிப்பன்கள் மட்டும் தெரிந்தன. அஜய் அளவு நாடாவை வெளியே எடுத்தான். கற்பகம் தயாராக வைத்திருந்ததைப் பேச ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் இப்போதெல்லாம் ஒன்றும் வருவதில்லை, தண்ணீர் ஏறிவிட்டது, ஃபாக்டரிச் சங்கு சத்தம் இங்கேதான் அதிகம், அணைக்கட்டுப் பக்கம் போனால் நன்றாக இருக்கும். தன் குரல் தண்ணீரில் பட்டுத் திரும்பி வருவது அவளுக்கே கேட்டது. இந்த இடத்தில் அவள் ஒருநாளும் குரலெடுத்துப் பேசியதில்லை. கூச்சமாக இருந்தது. தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைப்பது போலிருந்தது.

அப்போதுதான் பழனாத்தாள் பேசவில்லை என்பதைக் கவனித்தாள்.

பழனாத்தாள் பாறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை தண்ணீர்ப்பக்கம் இல்லை. செடியைப் பார்த்தாள், அதன் தூரைச் சுற்றிப் பாதி மண்ணில் புதைந்திருந்த கூழாங்கற்களைப் பார்த்தாள். கீழே விழுந்த பூக்கள் அழுகாமல் யாரோ எடுத்துப் போட்டிருப்பதையும் பார்த்தாள். பிறகு குனிந்து, மருமகளின் ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாதை ஓரமாக வைத்தாள்.

"இது பங்களா கார்டன் செடியாச்சே. இங்க எப்படி வந்துச்சு?" என்றான் அஜய், நாடாவை இழுத்துக்கொண்டே. "இத எடுத்துட்டா மூலைத்தூணு கரெக்டா உக்காந்துரும் ஷபீர்."

கற்பகம் சொல்ல வந்த வாக்கியம் நடுவில் நின்றுபோனது. எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. எங்கும் சத்தமில்லை. அந்த அமைதி பழக்கப்பட்டதுதான் என்பது போல, பாறையிடுக்கிலிருந்து கருநீலக் குருவி சீட்டியடித்தது. ராகம் தெரியாதவன் யோசித்து யோசித்து அடிக்கிற சீட்டி. நாணலை விலக்கிக்கொண்டு முக்குளிப்பான் வெளியே வந்தது. அதன் பின்னால் குஞ்சுகள் வந்தன. "யப்பா" என்று அஜய் மூச்சுக்குள் சொன்னான். எத்தனையோ விருந்தாளிகள் ஏமாந்து போயிருக்கிறார்கள். இன்றைக்கு வராமல் இருந்திருக்கக் கூடாதா?

பழனாத்தாள் அவள் பக்கத்தில் வந்து முழங்கையைத் தொட்டாள். குரல் இப்போது வேறாக இருந்தது.

"ஆரு கண்ணு?"

கற்பகம் தண்ணீரைப் பார்த்தாள்.

"எங்க தோட்டத்து மூலையில எங்கூட்டுக்காரரு இருக்கறாருங்க. அரளி வெச்சிருக்குது. செடி தானா மொளச்சதா, ஆராச்சும் வெச்சதான்னு தெரியாதா எனக்கு?"

"பிள்ளைம்மா" என்றாள் கற்பகம். "பொம்பளப் பிள்ள."

"பேரு?"

"வெக்கல."

அஜயின் கையிலிருந்த நாடா நழுவி, சரக்கென்று டப்பாவுக்குள் ஓடி மறைந்தது. குருவி நிறுத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

கற்பகம் ஷபீர் பக்கம் திரும்பினாள். அவளாகவே சொன்னாள். மழை, அடைபட்ட வழி, ஆஸ்பத்திரி, குச்சி. நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருடம் சுமந்தது இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. "எங்க வீட்டுக்காரர் பேர மட்டும் எங்கயும் சொல்லிராதீக தம்பி. அவரு பயந்துக்கிட்டு இருக்காரு" என்றாள்.

ஷபீர் முளைக்குச்சியைப் பார்த்தபடி நின்றான். அதை நேற்று அடித்தவன் அவன்தான். சுத்தியல் சரியாக விழாமல் இரண்டாவது முறை அடித்ததில் குச்சியின் தலை பிளந்திருந்தது.

"எங்கம்மா எங்கத்தாவ அடக்குன கபுரை இதுவரைக்கும் பாத்ததில்லக்கா" என்றான். "பள்ளிவாசலுக்குப் பின்னாலதான். எங்க வீட்டு மாடியில நின்னா மதில் தெரியும். நான் ஊருக்குப் போனா வெள்ளிக்கிழமை போயிட்டு வருவேன். வந்ததும் அம்மா ஒண்ணுதான் கேக்கும், கபுர் மேல நட்ட மைலாஞ்சிச் செடி தளிர்த்துச்சான்னு. தளிர்க்காட்டியும் தளிர்த்துச்சுன்னு சொல்லுவேன்." செடியைக் காட்டினான். "உங்களுக்கு யாரு வந்து சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் நானே வந்தேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதோ ஒன்று அவனுக்குள் மெதுவாகப் பொருந்தி வருவது முகத்தில் தெரிந்தது. "அப்ப, கெஸ்ட்டெல்லாம் இங்க பேசாம நிக்கணும்னு நீங்க சொன்னது..."

"குருவிக்கும்தான் தம்பி" என்றாள் கற்பகம்.

அஜய் தொண்டையைச் செருமினான். "மண்ணு எளக்கமா இருக்கு, தூணு நிக்காதுன்னு நான் வேணா..." என்று ஆரம்பித்தான். ஷபீர் கையை உயர்த்தி நிறுத்தினான். "பிளான் கம்பெனிக்குப் போயாச்சு. அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்கு இப்போ தெரியல. மேல போயிப் பேசலாம் வா." சில அடி நடந்துவிட்டுத் திரும்பினான். "அக்கா, நீங்க மெதுவா வாங்க. வாட்ச்சர் கேட்டா நான் நிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க. கொழப்பமில்ல."

பழனாத்தாள் ஷூவைக் கையிலேயே எடுத்துக்கொண்டாள். போகும்போது செடியின் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டாள். வெறுங்காலோடு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். மூன்று பேரும் பனிக்குள் சிறுத்துப் போய், தேயிலைக்குப் பின்னால் மறைந்தார்கள்.

கற்பகம் மட்டும் இருந்தாள். விருந்தாளிகள் யாரும் இல்லாமல் இங்கே எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்போதும் தண்ணீரைப் பார்த்த முகத்தோடுதான் நின்றிருக்கிறாள். செடியை ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் பழக்கம். இப்போது ஏரிக்கு முதுகைக் காட்டி, செடிக்கு நேராகத் திரும்பினாள். பூக்களில் பனி முத்து முத்தாக நின்றது. ஷபீர் மேலே போய் என்ன முடிவெடுப்பான், கம்பெனி என்ன சொல்லும், செல்லத்துரையிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவை வந்த வழியே அவற்றைப் போக விட்டாள்.

தலைக்கு மேல் ஒரு சின்ன இறக்கைச் சத்தம். நீலமாக ஏதோ சரிந்து வந்து, தலை பிளந்த அந்த முளைக்குச்சியின் மேல் உட்கார்ந்தது. மீன்கொத்தி. கையை நீட்டினால் எட்டும் தூரம். ரிப்பன் அதன் காலடியில் லேசாக அசைந்தது. அது அவள் தோளைத் தாண்டித் தண்ணீரைப் பார்த்தது. கற்பகத்தின் வலது கை, பழக்கத்தில், பின்னால் நிற்பவர்களைப் பேச வேண்டாம் என்று தானாக மேலே எழுந்தது. பின்னால் யாரும் இல்லை. அவள் கையை இறக்கவில்லை.